வாளித் தண்ணீரில் ஒரு கார்

கார் கழுவ எவ்வளவு தண்ணீர் போகிறது என்று நான் அளந்து பார்த்ததே தண்ணீர்க் கட்டுப்பாடு வந்த பிறகுதான். வாசல் குழாயில் ஹோஸைச் செருகி, அதன் முனையை 10 லிட்டர் வாளிக்குள் விட்டு, கைபேசியில் நேரம் பார்த்தேன். 40 விநாடியில் வாளி நிரம்பிவிட்டது. நிமிடத்துக்கு 15 லிட்டர். கழுவும்போது குழாயை மூடித் திறக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. முதலில் வண்டியை நனைப்பது, ஷாம்பு தேய்க்கிற நேரமெல்லாம் ஹோஸ் தரையில் கிடந்து ஓடுவது, கடைசியில் நுரை போக அலசுவது என்று எப்படிக் கணக்குப் போட்டாலும் 20 நிமிடம். ஆக 300 லிட்டர். அதுவும் வாரம் தவறாமல்.

அளக்கப் பிடித்த அந்த 10 லிட்டரை அப்படியே சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். போகிற வழியில் வேறொரு கணக்கு நினைவுக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018 பிப்ரவரியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு போட்டார்கள். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு எல்லாம் சேர்த்துத்தான் அந்த 50. அப்படியானால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆறு பேர் ஒரு நாள் பிழைக்கிற தண்ணீரை நான் சாக்கடையில் விட்டிருக்கிறேன். அது மனதை உறுத்தியது. இன்றும் உறுத்துகிறது.

எங்களுக்கு அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரம்தான் தண்ணீர். ஹோஸ் வைத்து வாகனம் கழுவக் கூடாது என்று அறிவிப்பு வந்திருந்தது. அந்த அறிவிப்பை நான் சரியாகப் படிக்கவில்லை. 'கார் கழுவக் கூடாதாம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு அத்தோடு விட்டுவிட்டேன். இங்கேதான் முதல் தப்பு நடந்தது. கட்டுப்பாடு என்ற ஒரே சொல்லுக்குள் பலவிதமான விதிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஹோஸ் தடை வந்தால் சொந்தக் காரை ஹோஸால் கழுவக் கூடாது, வாளியில் கழுவலாம். கலிபோர்னியாவில் 2014 ஜூலையில் வந்த அவசர விதி, கையை எடுத்தால் தண்ணீர் நிற்கிற விசைமூடி பொருத்திய ஹோஸை அனுமதித்தது. அது இல்லாத ஹோஸைத்தான் தடுத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2000-களின் நீண்ட வறட்சியின்போது ஒரு கட்டத்தில் கண்ணாடி, விளக்கு போன்றவற்றை மட்டும் வாளித் தண்ணீரில் துடைக்கலாம் என்று இருந்தது. பெங்களூருவில் 2024 மார்ச்சில் வந்த தடை, குடிநீரில் வாகனம் கழுவுவதற்கு. தடை ஹோஸுக்கா, குடிநீருக்கா, கழுவுவதற்கேவா என்பதைப் பொறுத்து நாம் செய்ய வேண்டியது முழுக்க மாறிவிடும். அதனால் அறிவிப்பின் வாசகத்தை வரிவரியாகப் படியுங்கள். சேமித்த மழைநீருக்கும் சொந்தக் கிணற்று நீருக்கும் விதி பொருந்துமா என்பதையும் பாருங்கள்.

நான் படிக்காததால் என்ன செய்தேன் என்றால், மூன்று வாரம் வண்டியைத் தொடவே இல்லை. வறட்சிக் காலத்துத் தூசி சாதாரணத் தூசி இல்லை. தரையில் ஈரமே இல்லாததால் ஒரு லாரி போனால் போதும், பத்து வீட்டுக்கு மண் படியும். மூன்றாவது வாரம் கறுப்புக் கார் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. பார்க்கச் சகிக்காமல் ஒரு பழைய பருத்தித் துண்டை எடுத்தேன். தண்ணீர் செலவில்லை, சட்டமும் மீறவில்லை என்ற நிம்மதியோடு கூரையிலிருந்து பானட் வரை வறட்டுத் துணியால் அழுத்தித் துடைத்தேன். துடைத்து முடித்ததும் பளபளவென்றுதான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் வெயில் சாய்வாக விழுந்தபோது பானட்டைப் பார்த்தேன். சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள். என் கை போன திசையெல்லாம் அச்சு அசலாகப் பதிந்திருந்தது. எங்கே வட்டமாகத் தேய்த்தேன், எங்கே எச்சம் போகவில்லை என்று திரும்பத் திரும்ப அழுத்தினேன் என்பது வரை அதில் படிக்க முடிந்தது. விரல் வைத்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது.

காரணம் எளிமையானது. மண் தூசியில் குவார்ட்ஸ் நிறைய இருக்கிறது, மணலில் இருக்கும் அதே கனிமம். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரண இரும்பை விடக் கடினம், கண்ணாடியையே கீறும். பெயிண்டின் மேல் நிற்கிற கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வறட்டுத் துணிக்கும் அந்தப் பூச்சுக்கும் நடுவே மணல் மாட்டினால் அது உப்புத்தாள் வேலையைத்தான் செய்யும். பாலிஷ் போட்டுக் கோடுகளை எடுக்கலாம், நானும் எடுத்தேன். ஆனால் பாலிஷ் என்பதே மேல்பூச்சைச் சில மைக்ரான் சுரண்டி எடுப்பதுதான். போனது திரும்பாது. தண்ணீரை மிச்சம் பிடித்த நினைப்பில், வண்டியின் ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பூச்சில் ஒரு பங்கை ஒரே காலையில் செலவழித்துவிட்டேன். இறகுத் துடைப்பம், தூசி தட்டும் பிரஷ் எல்லாமே இதே வேலையைத்தான் கொஞ்சம் மெதுவாகச் செய்கின்றன. தயவுசெய்து காய்ந்த தூசியின் மேல் காய்ந்த எதையும் வைக்காதீர்கள். அழுக்கு வண்டி அழுக்காகவே நிற்பது எவ்வளவோ மேல்.

இந்த அடிக்குப் பிறகுதான் தண்ணீர் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று யோசித்தேன். ஹோஸில் வருகிற தண்ணீர் இரண்டு வேலை செய்கிறது. மணலைப் பெயிண்டிலிருந்து பிரித்துத் தூக்குகிறது, பிறகு கீழே தள்ளிக்கொண்டு போகிறது. 300 லிட்டரில், தரையில் வீணாக ஓடியது போக மீதியின் பெரும்பங்கு இந்த இரண்டாவது வேலைக்கும், முக்கியமாக ஷாம்பு நுரையை அலசுவதற்கும்தான் போகிறது. நுரை வேண்டாம், தள்ளிக்கொண்டு போகிற வேலையைத் துணி பார்த்துக்கொள்ளட்டும் என்றால் தண்ணீர்த் தேவை ஒரு வாளிக்கு வந்துவிடுகிறது.

இதற்கென்றே ரின்ஸ்லெஸ் வாஷ் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். அலசத் தேவையில்லாத ஷாம்பு என்று சொல்லலாம். நுரை வராது. அதிலுள்ள பாலிமர்கள் தூசியைச் சுற்றிக்கொண்டு, பெயிண்டுக்கும் மணலுக்கும் நடுவே வழவழப்பைக் கொடுக்கும். பல தயாரிப்புகளில் 8 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி போதும். உங்கள் போத்தலில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகாது, பிசுபிசுப்புதான் மிஞ்சும். பாத்திரம் தேய்க்கிற திரவத்தைக் கலந்து பார்க்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். வேண்டாம். அது நுரைத்துத் தள்ளும், அலசி மாளாது, வண்டியின் மேலுள்ள மெழுகையும் கெடுக்கலாம். இருக்கிற தண்ணீரெல்லாம் அந்த நுரைக்கே சரியாகிவிடும்.

இப்போது நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். வாளியில் 5 லிட்டர் தண்ணீர், அதில் 20 மில்லிக்குக் குறையாமல் திரவம். செடிக்கு மருந்தடிக்கிற கைப்பம்ப் தெளிப்பானில் 1 லிட்டர் தண்ணீர், அதில் 10 மில்லி. எட்டு மைக்ரோஃபைபர் துணிகளை வாளியில் ஊறப் போடுவேன். உலர்த்துவதற்குத் தனியாக மூன்று துணி. சக்கரத்துக்கு என்று ஒரு பழைய துணி, அதை வாளிப் பக்கமே விடுவதில்லை.

வண்டி நிழலில் நிற்க வேண்டும். புறங்கையைப் பானட்டில் வைத்துப் பார்த்துச் சுட்டால் தொடங்குவதே இல்லை. சூடான தகட்டில் தெளித்தால் தண்ணீர் அரை நிமிடத்தில் காய்ந்து, நாம் எதிர்பார்த்த வழவழப்பும் போய்விடும். அதிகாலை நல்ல நேரம்.

கூரையில் தொடங்கி, ஒரு பகுதிக்கு மட்டும் தெளிப்பேன். தூசி கருத்து, சின்னச் சின்ன முத்துகளாகத் திரண்டு, மெல்ல நகரத் தொடங்கும். அதுவரை கை வைக்கக் கூடாது. ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். நான் இந்த ஒரு நிமிடத்தில்தான் துணியை மடிப்பேன். ஒரு துணியை இரண்டு முறை மடித்தால் நான்கில் ஒரு பங்கு அளவாகிறது. திருப்பித் திருப்பி மடித்தால் மொத்தம் எட்டு முகம் கிடைக்கும். துணியைப் பிழியாமல், சொட்டச் சொட்ட எடுத்து, தன் எடையிலேயே நழுவவிட்டு நேர்கோட்டில் ஒரே ஒரு இழுப்பு. அழுத்தக் கூடாது. வட்டமாகச் சுற்றக் கூடாது. இழுத்து முடித்ததும் அந்த முகத்தைத் திருப்பிப் பாருங்கள், பழுப்பாக ஒரு கோடு இருக்கும். அந்த முகத்தின் வேலை முடிந்தது. அடுத்த இழுப்புக்கு அடுத்த முகம். எட்டு முகமும் தீர்ந்தால் துணி ஒரு காலி டப்பாவுக்குப் போகும், வாளிக்குத் திரும்பாது.

அந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. ஒரே ஸ்பாஞ்சை வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் மூன்றாவது முறையிலிருந்து வாளித் தண்ணீரே மண் கரைசலாகிவிடுகிறது. அந்த மணலை நாமே மறுபடி வண்டிக்குக் கொண்டு போகிறோம். துணி திரும்பி வராவிட்டால் கடைசிக் கதவு வரைக்கும் வாளி தெளிவாக இருக்கும். எட்டுத் துணிக்கு எட்டு முகம் என்றால் 64 முறை சுத்தமான முகம் கையில் இருக்கிறது. ஒரு நடுத்தரக் காருக்கு எனக்கு 45, 50 முகம் தாண்டியதில்லை.

கூரை, கண்ணாடிகள், பானட், கதவின் மேல்பாதி, டிக்கியின் மேல்பாதி என்று இறங்கி, கதவின் கீழ்ப்பகுதியும் பம்பரும் கடைசி. அங்கேதான் மணல் அதிகம். ஒரு பகுதி துடைத்ததும் அது காய்வதற்குள் உலர் துணியால் ஒத்தி எடுத்துவிட வேண்டும். முழு வண்டியையும் துடைத்துவிட்டு உலர்த்தலாம் என்று ஒருமுறை செய்து பார்த்தேன். கறுப்பில் திட்டுத் திட்டாகப் படலம் நின்றது. மறுபடி தெளித்துத் துடைக்க வேண்டியதாயிற்று. எல்லாம் முடிய எனக்கு 50 நிமிடம் ஆகிறது. ஹோஸோடு இருந்தபோதும், தண்ணீர் ஓடிய 20 நிமிடத்தோடு துடைத்து உலர்த்துவதையும் சேர்த்தால், கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. முதல் தடவை நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். "தண்ணியே ஊத்தாம கழுவுனா அது எப்படிடா கழுவுனதாகும்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்து, "எங்க வேணும்னாலும் தொட்டுப் பாருங்கப்பா" என்றேன். கதவின் அடிவிளிம்பு, கைப்பிடிக்குள் இருக்கும் குழி, பெட்ரோல் மூடியின் ஓரம் என்று நான் விட்டிருப்பேன் என நினைத்த இடமாகத் தேடித் தேடித் தொட்டார். பெட்ரோல் மூடி ஓரத்தில் துணி பழுப்பாயிற்று. மற்ற இடத்தில் இல்லை. அதற்கு அடுத்த வாரம் முதல் கண்ணாடி துடைப்பது அவர் பொறுப்பு. பெட்ரோல் மூடி ஓரத்தை நான் இப்போது மறப்பதில்லை.

ஆறு லிட்டரில் கார் கழுவினேன் என்று சொல்லிக்கொள்வது எளிது. துணி துவைக்கிற தண்ணீரைச் சேர்க்காமல் சொன்னால் அது பொய்க்கணக்கு. எட்டுத் துணி, உலர் துணி மூன்று. முதலில் வாளியில் மிச்சமிருக்கும் மூன்று லிட்டர் சொச்சத்திலேயே அவற்றை ஊறவைத்து, கசக்கி, மண்ணை வடியவிடுவேன். பிறகு புதிய தண்ணீர் 5 லிட்டரில் ஒரு அலசு. ஆக மொத்தம் 11 லிட்டர். அந்தக் கலங்கல் தண்ணீர் கழிப்பறைக்குப் போகிறது, அங்கே ஒரு முறை தொட்டியை அழுத்துவது மிச்சம். செடிக்கு ஊற்றுவதில்லை, பாலிமரும் வண்டி அழுக்கும் சேர்ந்த தண்ணீரை வேருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், பஞ்சிழை எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவமும் கூடாது, அது இழைகளில் படிந்து உறிஞ்சுகிற தன்மையைக் கெடுக்கும். கீழே மண்ணில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி பெயிண்டில் வைக்காதீர்கள். அது அன்றைக்குச் சக்கரத்துணி.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பாதிக்கு மேல் ஏசி தண்ணீர். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதனால் தாது உப்பு அதில் அநேகமாக இருக்காது. கார் துடைக்க அதைவிட நல்ல தண்ணீர் வீட்டில் கிடைக்காது. காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழாது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஒரு இரவுக்கு எங்கள் படுக்கையறை ஏசியே அரை வாளி தந்துவிடும். வறண்ட காற்றில் குறைவாகத்தான் வரும், அதனால் வாரம் முழுக்கச் சேர்க்க வேண்டும். கேனை மூடி வைக்காவிட்டால் கொசு முட்டையிடும். மெல்லிய துணியால் வடிகட்டிவிட்டுத்தான் பயன்படுத்துவேன், குழாய்க்குள் தூசியும் பாசியும் சேரும். குடிக்கிற தண்ணீர் இல்லை அது.

ஆர்ஓ சுத்திகரிப்பானின் கழிவுநீரையும் சேர்த்தேன். அதில் தவறு செய்தேன். அந்த எந்திரம் நல்ல தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் கழிவுநீரில்தான் இருக்கிறது. அதாவது குழாய்த் தண்ணீரை விட அதிக உப்பு. கண்ணாடியில் துடைத்துவிட்டு வெயிலில் நிறுத்தியதில் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை விழுந்தது, வினிகர் கலந்த தண்ணீரால் மூன்று முறை துடைத்த பிறகே போனது. இப்போது அதைச் சக்கரத்துக்கும், கால்மிதி மேட்டுக்கும், சக்கர வளைவுக்கும் மட்டும்தான் வைத்துக்கொள்கிறேன். வீட்டுத் துணி துவைத்து அலசின தண்ணீரும் அதே வேலைக்குத்தான். பெயிண்டில் எதைத் தொடவிடுகிறோம் என்பதில் இரக்கம் காட்டக் கூடாது.

கட்டுப்பாடு இறுகி, வாளிக்கும் தடை வருகிற நிலை வரலாம். அப்போது முழு வண்டியைக் கழுவும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். தூசி பெயிண்டைத் தின்பதில்லை. ஆனால் சில இடங்கள் காத்திருக்காது. முன்கண்ணாடி அதில் முதல். எதிர்வெயிலிலும், இரவில் எதிரே வரும் விளக்கிலும் தூசிப் படலம் வெள்ளைத் திரையாகி விடுகிறது. சாலையைக் கடப்பவர் தெரியமாட்டார். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். வைப்பரை வறட்டுத் தூசியில் ஓட விட்டாலும் அரைவட்டமாகக் கீறல் விழும், நிரந்தரமாக. வைப்பர் இலையை ஈரத்துணியால் முதலில் துடைத்து, கண்ணாடியிலும் கொஞ்சம் தெளித்த பிறகே அதைத் தொட வேண்டும். விளக்குகள், பக்கக் கண்ணாடிகள், எண் பலகை, பின்பக்கக் கேமரா, அத்தனைக்கும் சேர்த்து அரை லிட்டர் தண்ணீர் தாராளம். அதிகாலைப் பனி விழுகிற நாட்களில் கண்ணாடிக்கு அதுவும் வேண்டாம். பனி ஏற்கெனவே தூசியை ஊறவைத்திருக்கும், ஈரம் காய்வதற்குள் துணி போதும்.

பறவை எச்சம் இரண்டாவது. இதைத் தள்ளிப் போட்டு நான் கூரையில் ஒரு தழும்பு வாங்கியிருக்கிறேன். எச்சத்தின் அமிலத்தன்மை ஒரு பக்கம். அதைவிட, வெயிலில் பெயிண்ட் இளகி விரிகிறது, எச்சம் காய்ந்து கெட்டியாகிறது, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அந்த வடிவம் பெயிண்டில் அப்படியே பதிந்துவிடுகிறது. இரண்டே நாளில் நடந்தது இது. சுரண்டாதீர்கள், அதில் விதையும் மணலும் இருக்கும். ஒரு சின்னத் துணியை நன்றாக நனைத்து அதன் மேல் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் வேறு வேலை பாருங்கள். பிறகு கிள்ளித் தூக்கினால் துணியோடு வந்துவிடும். அரை டம்ளர் தண்ணீர் ஆகாது. மரத்துப் பிசினும் பூச்சிகள் மோதிச் சிதறியதும் இப்படித்தான், உடனே கவனிக்க வேண்டியவை. எனவே வண்டியில் எப்போதும் ஒரு சின்னத் தெளிப்புப் போத்தலும் இரண்டு சுத்தமான துணியும் வைத்திருக்கிறேன்.

இந்த முறையால் சமாளிக்க முடியாதது சேறு. தோண்டிப் போட்டிருந்த ஒரு சாலையில் குழாய் உடைந்து ஓடிய தண்ணீரில் போய் மாட்டி, கதவுவரை சேறு அப்பிக்கொண்டு வீடு வந்தேன். கெட்டிச் சேற்றின் மேல் துணி வைத்தால் எத்தனை பாலிமர் போட்டாலும் கீறும். கைப்பம்ப்பில் 2 லிட்டரை அடித்து ஊறவைத்துப் பார்த்தேன், மேலே உள்ளது வழிந்தது, அடியில் இருந்தது அசையவில்லை. அப்போதுதான் தண்ணீரை மறுசுழற்சி செய்கிற கழுவுமிடத்துக்குப் போனேன். போவதற்கு முன் போன் செய்து, கழுவின தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டேன். முதல் இடத்தில் தெளிவான பதில் இல்லை. இரண்டாவது இடத்தில் வண்டி நிற்கிற மேடைக்குக் கீழே வடிகால், அங்கிருந்து படியவிடும் தொட்டி, எண்ணெய் பிரிக்கும் தொட்டி, வடிகட்டி என்று வரிசையாகச் சொன்னார்கள், நேரில் காட்டவும் செய்தார்கள். மறுசுழற்சி என்று பலகை மாட்டுவது எளிது, தொட்டியைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கழுவாமலே வண்டியைக் காப்பாற்றுகிற வழிகளில் எனக்கு மிகவும் கைகொடுத்தது மெழுகு. வறட்சிக்கு முன், தண்ணீர் இருக்கும்போதே ஒரு முறை நன்றாகக் கழுவி மெழுகோ, அதே வேலை செய்யும் சீலன்ட் என்ற பூச்சோ பூசி வைத்தால் தூசி ஒட்டாமல் மேலாக நிற்கும். தெளித்த உடனே நழுவும். பூசாத கதவுக்கும் பூசிய பானட்டுக்கும் வித்தியாசத்தைத் துணியின் நிறத்திலேயே பார்த்தேன். கார் உறையை நம்பி ஏமாந்தவனும் நான்தான். தூசியுள்ள வண்டிக்கு உறை போட்டால் காற்றில் உறை அசைய அசைய அடியிலிருக்கும் மணல் தேய்க்கும். சுத்தமான வண்டிக்கு, காற்றடிக்காத இடத்தில் மட்டும்தான் உறை.

வெளியே கழுவாவிட்டாலும் உள்ளே தூசி நிறைய வரும். காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் என்ஜின் காற்று வடிகட்டியையும் வழக்கமான கெடுவுக்கு முன்பே திறந்து பாருங்கள். எங்கள் வண்டியில் பாதிக் காலத்திலேயே கேபின் ஃபில்டர் அடைத்துக்கொண்டு ஏசிக் காற்று குறைந்துவிட்டது. ஏசி வாயு தீர்ந்துவிட்டதோ என்று பயந்து போனோம், தூசிதான்.

ஏழு மாதம் கழித்து முதல் மழை ஒரு சாயங்காலம் கால்மணி நேரம் பெய்தது. எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றோம். வண்டியை வெளியே விட்டால் மழையே கழுவிவிடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் தன் காரை எடுத்து நடுத்தெருவில் நிறுத்தினார். முதல் மழை காற்றிலிருக்கும் தூசியையெல்லாம் கூட்டிக்கொண்டுதான் இறங்கும். காலையில் அவர் காரில் ஒவ்வொரு துளிக்கும் ஒரு சேற்று வளையம் காய்ந்து நின்றது. அவர் தோளில் துண்டோடு வந்துகொண்டிருந்தார். நான் ஓடிப்போய், "அண்ணே, காஞ்ச துணிய வச்சிராதீங்க, ஒரு நிமிஷம் இருங்க" என்று நிறுத்திவிட்டு, என் தெளிப்பானையும் வாளியையும் எடுத்து வந்தேன். முந்தின நாள் மழையில் மாடிக் குழாய்க்கு அடியில் வைத்த வாளிகளில் இரண்டு நிரம்பியிருந்தன. முதலில் விழுந்த தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு வைத்த வாளிகள், அதனால் தெளிவாகவே இருந்தது. அவர் காரை அவரும் நானும் சேர்ந்து துடைத்தோம். கூரையில் முதல் இழுப்பை இழுத்துவிட்டு அவர் துணியைத் திருப்பிப் பார்த்தார், பழுப்புக் கோட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த முகத்துக்கு மடித்தார். இரண்டாவது வாளி தொடாமலே மிஞ்சியது. அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் இருந்த வாடிய செடிகளுக்கு ஊற்றினோம்.